மலைக்காடுகளின் நலனும் நெடுங்கால அவதானிப்பும்

மலையும் மழையும் காடும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன என்பது தமிழ்மக்கள் தொன்றுதொட்டு அறிந்த உண்மையாகும். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த பழம்புலவர் குறிஞ்சியின் அருவியையும் சுனையையும் மரத்தையும் பூவையும் ஒருங்கே நோக்கினர். அவர் கண்ணாற் கண்ட அவ்வுறவை இக்காலத்துத் தாவரவியலாரும் நீரியலாரும் அளவுகோல் கொண்டு அளந்து வருகின்றனர். ஆயினும், அவ்வளவையின் பயன் ஒரு நாளிலோ ஓராண்டிலோ கைகூடுவதன்று. அயனமண்டலத்து மலைக்காடு ஒன்று நலமுடன் இருக்கின்றதா, நலிவுற்று வருகின்றதா என்னும் வினாவுக்கு விடை காண ஒரு தலைமுறையினர் தொடங்கிய பணியை அடுத்த தலைமுறையினர் ஏற்று நடத்தல் வேண்டும். அதற்குரிய காரணங்களும், அப்பணி நடைபெறும் முறையும், அதனால் உலகின் பல பாகங்களிலும் பெறப்பட்ட அறிவும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி மலைநாட்டாருக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் தவறு. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள ஹோட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் வழங்குகின்றது. அவற்றுள் மகாவலி இந்நாட்டின் மிக நீண்ட ஆறு. அது மலைகளைச் சுற்றி வளைந்து, உலர்வலயத்தை ஊடறுத்துச் சென்று, திருகோணமலையின் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. ஆகவே, முகில் தவழும் உச்சியில் நிற்கும் ஒரு சிறு மரத்தின் நலனுக்கும், கீழைக்கரையில் நெல் விளைவிக்கும் உழவனின் நலனுக்கும் தொடர்புண்டு. இடையிலுள்ள நீர்த்தேக்கங்களும் மின்னிலையங்களும் தேயிலைத் தோட்டங்களும் அத்தொடர்பினுள் அடங்குவனவே.

மலைக்காடு தாழ்நிலக் காட்டினின்றும் பல வகையில் வேறுபட்டது. மேலேறும்தோறும் வெப்பநிலை குறைகின்றது; ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ 0.6 பாகை சதமளவு குளிர்ச்சி கூடும். குறித்ததோர் உயரத்துக்கு மேல் ஆண்டின் பெரும்பகுதியும் முகில் மரங்களின் முடியிற் படிந்து கிடக்கும். அத்தகைய காட்டையே முகிற்காடு என்பர். அங்கே மரங்கள் குறுகியும் முறுகியும் வளர்கின்றன. இலைகள் சிறுத்துத் தடித்துக் காணப்படுகின்றன. தண்டிலும் கிளையிலும் பாசியும் பன்னமும் ஒக்கிட்டும் செறிந்து போர்த்தியிருக்கின்றன. இப்போர்வை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. காற்றோடு நகர்ந்து செல்லும் முகிலின் நுண்டுளிகள் இலையிலும் பாசியிலும் பட்டுத் திரண்டு சொட்டுகின்றன. மழைமானி மழையெனப் பதியாத இந்நீரும் நிலத்தைச் சேர்ந்து ஊற்றாகின்றது. மரம் பட்டுப்போனால் முகில் வரும். ஆனால் அதனைத் தடுத்து நிறுத்திச் சொட்டவைக்கும் இலை இராது.

இந்நன்மையை ஆட்சியாளர் முற்றும் அறியாதவரல்லர். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைச்சரிவுகள் வெட்டி வெளியாக்கப்பட்ட காலத்திலே, ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாது என்னும் நிருவாகக் கட்டளை 1873இற் பிறந்தது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோட்டன் சமவெளி, நக்கிள்சு மலைத்தொடர் ஆகிய மூன்றும் சேர்ந்து மத்திய மலைநாடு என்னும் பெயரால் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கோடரியினின்றும் காட்டைக் காப்பதற்குச் சட்டம் உதவிற்று. கோடரி படாமலே மரம் சாகத் தொடங்கின் யாது செய்வது என்னும் வினாவுக்குச் சட்டத்தில் விடை இல்லை.

அவ்வினா உண்மையாகவே எழுந்தது. ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் நிற்கும் தொட்டுப்பொல மலையிலே மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டு நிற்பதை வனவியலாளர் டபிள்யூ. ஆர். எச். பெரேரா 1978இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பத்தாண்டு கழித்து, 1988இல், வேர்னர் என்னும் ஆய்வாளர் இலங்கையின் உயர்மலைக் காடுகளில் மரமுடிகள் பட்டுவரும் நிலையை விரித்து எழுதினார். உச்சிக்கிளையில் இலை உதிரும். பின்னர் கிளை காயும். நாளடைவில் முழுமரமும் வெளிறிய எலும்புபோல் நிற்கும். இக்கேட்டுக்குப் பெரிதும் ஆளானது சிங்களத்திற் கீன எனப்படும் மரமாகும். இது புன்னையின் இனத்தது. கடற்கரை மணலில் நிழல்தரும் புன்னைக்கு இத்தனை நெருங்கிய உறவினர் ஒருவர் மலையுச்சிக் குளிரில் வாழ்வதே வியப்புக்குரியது. நாவலினத்தையும் கறுவாவினத்தையும் சேர்ந்த மலைமரங்கள் சிலவும் அதனுடன் பாதிக்கப்பட்டன.

காரணம் யாது என்பதைப் பற்றிக் கருத்துக்கள் பல எழுந்தன. வரட்சியால் மண்ணீர் குறைந்தமையே காரணமென்றனர் சிலர். நுவரெலியாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டுப் பதிவாகிவரும் மழைவீழ்ச்சிக் கணக்கை ஆராய்ந்தோர் அங்கு மழை குறைந்துவந்தமையைக் கண்டிருந்தமை அக்கூற்றுக்கு வலிமை தந்தது. மண் அமிலத்தன்மை மிகுந்து கல்சியம் முதலிய ஊட்டங்களை இழந்தமை காரணமென்றனர் வேறுசிலர். காற்றோடு வந்து படிந்த ஈயம் முதலிய உலோகங்கள், வளி மாசு, வேரைத் தாக்கும் பங்கசு என்பனவும் ஐயத்துக்குள்ளாயின. பெருகிவிட்ட மரைகள் இளங்கன்றுகளைத் தின்றுவிடுவதால் இறந்த மரத்தின் இடத்தை நிரப்ப மரமில்லை என்றும் கூறப்பட்டது. முதிர்ந்த மரங்கள் ஒருங்கே ஆயுள் முடிந்து சாகின்றன, இது இயற்கை நிகழ்ச்சியே என்பாருமுளர்.

இத்துணைக் கருத்துக்கள் ஒருங்கே நிலவுவதற்கு ஆராய்ச்சியாளரின் திறக்குறை காரணமன்று. மரங்கள் சாகத் தொடங்குமுன் அவற்றின் நிலை எவ்வாறிருந்தது என்பதற்கு மரந்தோறும் எழுதிவைத்த கணக்கு இல்லாமையே காரணமாகும். நுவரெலியாவில் மழைக்குக் கணக்கிருந்தது. அம்மழையை உண்டு வாழ்ந்த மரத்துக்குக் கணக்கில்லை. ஒருவன் நோயுற்றபின் அவனை முதன்முதலாகக் காணும் வைத்தியன், அவனுடைய இயல்பான நாடியும் நிறையும் எவை என்பதை அறியாது இடர்ப்படுதல் போன்றதே இது. நோய் தொடங்கியபின் எடுக்கும் அளவு நோயின் அளவையே கூறும். நலத்தின் அளவைக் கூறாது.

மரம் சாதல் தானே நோய்க்குறியாகாது என்பதையும் இங்கு கருதல் வேண்டும். ஹோட்டன் சமவெளியின் மரநிழலில் நெலு எனப்படும் செடிகள் அடர்ந்து வளர்கின்றன. நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த இவற்றுட் சில ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, வித்துதிர்த்து, ஒருங்கே மடிகின்றன. அவ்வாண்டில் முதன்முதலாக அங்கு செல்லும் ஒருவன் பூவின் செறிவைக் கண்டு மகிழ்வான். அடுத்த ஆண்டு செல்பவன் அழிவைக் கண்டு அஞ்சுவான். இருவரும் கண்டது உண்மையே. எனினும் இருவரும் காட்டை அறிந்தவரல்லர். இரண்டு பூப்புக்காலங்களைத் தொடர்ந்து கண்டு குறித்து வைத்தவனே அச்சாவு பிறப்பின் முன்னுரை என்பதை உணர்வான்.

இனி, காலத்தின் நீட்சி ஏன் இன்றியமையாதது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆயிரம் மரங்கள் நிற்கும் ஒரு நிலத்துண்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒரு மரம், அதாவது 10 மரம், சாகின்றது எனவும், அவற்றின் இடத்தைப் புதுமரங்கள் நிரப்புகின்றன எனவும் கொள்க. அந்நிலையில் மரத்தின் சராசரி ஆயுள் 100 ஆண்டாகும். ஏதோவொரு காரணத்தால் இறப்பு வீதம் நூற்றுக்கு 1.3 ஆக உயர்ந்தால் ஆண்டுக்கு 13 மரம் சாகும். ஆயுளும் ஏறத்தாழ 77 ஆண்டாகக் குறுகும். காட்டுக்கு இது பெருங்கேடு. ஆயினும் ஓராண்டு மட்டும் எண்ணுபவனுக்கு இது புலப்படாது. பத்து மரம் சாகவேண்டிய இடத்தில் தற்செயலாக மூன்று கூடுவதும் மூன்று குறைவதும் இயல்பே. பத்தாண்டு எண்ணினால் நிலைமை வேறு. சாகவேண்டியவை 100, தற்செயலால் ஏற்படும் வேறுபாடு பத்தளவில் நிற்கும், ஆனால் செத்தவை 130. இப்பொழுது ஐயத்துக்கு இடமில்லை. ஓராண்டில் ஊமையாயிருந்த எண் பத்தாண்டிற் பேசத் தொடங்குகின்றது.

இக்கணக்கைப் பிழையின்றி எடுப்பதற்கு வனவியலார் கையாளும் முறை தோற்றத்தில் எளியது. செயலிற் பொறுமையை வேண்டுவது. முதலில் ஒரு ஹெக்டேயர் அளவினதான நிலத்துண்டை வரையறுத்து மூலைகளில் நிலையான அடையாளம் நடுவர். சரிவான நிலமாதலால், தரையோடொட்டி அளக்காது கிடைமட்டத்தில் அளத்தல் வேண்டும். இன்றேல் செங்குத்தான இடத்தில் ஒரு ஹெக்டேயர் என்பது ஒன்றிலும் குறைந்துவிடும். பின்னர், பத்துச் சதமமீற்றர் முதலான குறித்த விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் பொறித்த அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் இனத்தையும் இருப்பிடத்தையும் படத்திற் குறிப்பர். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் தண்டின் சுற்றளவை நாடாவால் அளந்து, அளந்த இடத்தில் வண்ணக்கோடு இடுவர். ஐந்தாண்டு கழித்து வருபவர் அதே மரத்தை அதே கோட்டில் அளத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

கோடு இடுவதில் இத்துணைக் கவனம் ஏனெனின், மலைமரம் மிக மெல்ல வளர்வது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் விட்டம் பெருக்கும் மரமொன்றைக் கருதுக. அதன் தண்டைச் சுற்றி ஒரு சதமமீற்றர் தடிப்புள்ள பாசி படர்ந்திருக்க, அதன்மேல் நாடாவைச் சுற்றி அளந்தால் விட்டத்தில் இரண்டு சதமமீற்றர் கூடிவிடும். அது அம்மரத்தின் இருபதாண்டு வளர்ச்சிக்குச் சமமாகும். அடுத்த முறை வருபவன் பாசியை விலக்கி அளந்தால் மரம் சுருங்கிவிட்டதெனக் கணக்குக் காட்டும். ஆகவே, பாசியைச் சிதைக்காமல் நாடாவை அதன் கீழே செலுத்துதல் வேண்டும். இவ்வாறான சிறு ஒழுங்குகளை எழுத்தில் வகுத்து, அளப்பவர் மாறினும் முறை மாறாதிருக்கச் செய்வதே நெடுங்கால ஆய்வின் உயிர்நாடி எனலாம்.

செத்த மரத்தை எண்ணுவதோடு பணி முடிவதில்லை. அது எவ்வாறு செத்தது என்பதும் குறிக்கப்படும். வேரோடு சாய்ந்த மரம் காற்றையும் நனைந்து நெகிழ்ந்த மண்ணையும் சுட்டும். நடுவில் முறிந்தது புயலையோ உட்சிதைவையோ சுட்டும். நின்றபடியே பட்டது வரட்சியையோ நோயையோ நினைக்கச் செய்யும். உயிருள்ள மரங்களிலும் முடியின் எத்தனை பங்கு இலையிழந்துள்ளது என்பது தரப்படுத்தி எழுதப்படும். சிறு கட்டங்களில் நாற்றுகளையும் இளங்கன்றுகளையும் எண்ணுவர். பெருமரங்கள் பசுமையாக நிற்க, அடியில் ஒரு கன்றும் இல்லாத காடு பிள்ளையில்லாக் குடிபோன்றது. அதன் கேடு இன்று கண்ணுக்குத் தெரியாது.

காரணத்தை அறிய ஒப்புநோக்கும் வேண்டும். இரு சிறு துண்டுகளைத் தெரிந்து, ஒன்றுக்கு வேலியிட்டு மரை புகாமற் காத்து, மற்றதைத் திறந்து விடுவர். வேலியுள் கன்றுகள் செழித்து வெளியே அழியுமாயின் குற்றம் மரையினது. இரண்டிலும் ஒப்ப அழியுமாயின் மண்ணையோ காலநிலையையோ நோயையோ நாடுதல் வேண்டும். இவற்றோடு மழை, வெப்பநிலை, ஈரப்பதன், முகிலிலிருந்து இறங்கும் நீர், மண்ணின் ஈரம் என்பனவற்றையும் அதே இடத்தில் இடைவிடாது பதிதல் வேண்டும். மர இறப்பின் ஏட்டையும் மழையின் ஏட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்பொழுதே ஒன்றன் காரணம் மற்றதில் உண்டா என்பது தெளிவாகும்.

வானிலிருந்து நோக்கும் செய்மதிகள் இருக்க, நிலத்தில் நாடா பிடிப்பது எதற்கு என வினவலாம். 1972இல் லான்சாற் செய்மதி வரிசையின் முதலாவது ஏவப்பட்டது முதல் அரை நூற்றாண்டுக்கு மேலான படங்கள் சேர்ந்துள்ளன. காட்டின் பரப்புக் குறைவதையும் பெருந்தொகையாக மரம் படுவதையும் அவை நன்கு காட்டும். ஆனால், முகிற்காட்டின் பெயரே அதன் இடரைக் கூறுகின்றது. ஆண்டிற் பல நாள் முகில் மறைப்பதால் தெளிவான படம் அரிது. மேலும், இன்ன மரம் இன்ன இனம் என்பதையும், அதனடியிற் கன்று உண்டா என்பதையும் அப்படங்கள் காட்டா. நிலத்தளவையும் வானளவையும் ஒன்றுக்கொன்று துணையாவனவேயன்றி மாற்றாவனவல்ல.

விலங்குகளின் கணக்கும் காட்டின் நலத்தைக் காட்டும். விதையைப் பரப்பும் பறவை மறைந்தால் மரத்தின் வருங்காலமும் மறையும். எனவே, பறவைகளை ஆண்டுதோறும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் எண்ணுதலும், இரவில் நடமாடும் விலங்குகளைத் தானாகப் படம்பிடிக்கும் கமராக்களால் பதிதலும், தவளைகளின் ஒலியைக் கேட்டுக் குறித்தலும் வழக்கமாயின. இத்தொடர்ச்சி இல்லாவிடின் நேரும் மயக்கத்துக்குச் சிவனொளிபாதமலைக் காடே சான்று. 1853இல் கெலாற் என்னும் அறிஞர் விவரித்த, விண்மீன்போலும் புள்ளிகளையுடைய புதர்த்தவளையொன்று பின்னர் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்றெனக் கருதப்பட்டது. 2009இல் அது அம்மலைக்காட்டில் உயிரோடு காணப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது அங்கே வாழ்ந்திருந்தது. தொடர்ந்து தேடியவர் இல்லை. காணாமையை இல்லாமை என்று கொள்வது எத்துணைப் பிழை என்பதை இதனால் அறியலாம்.

பிறநாட்டு அனுபவங்களுள் ஹவாய்த் தீவுகளின் வரலாறு மிகுந்த படிப்பினை தருவது. அங்கே மவுனா லோவா, மவுனா கேயா என்னும் எரிமலைகளின் ஈரமான கிழக்குச் சரிவுகளில் ஓஹியா என்னும் மரம் பெருங்காடாக நிற்கின்றது. 1950களிலிருந்து 1970கள் வரை அக்காட்டில் ஏறத்தாழ 50,000 ஹெக்டேயர் பரப்பில் மரங்கள் பட்டன. வெளிநாட்டிலிருந்து வந்த கொடிய நோய் இதுவென்றும், காடு சில பத்தாண்டுகளில் அழியுமென்றும் அஞ்சினர். முல்லர்-டொம்புவா என்னும் தாவரவியலறிஞர் வேறு விளக்கம் தந்தார். 1960களின் பிற்பகுதியில் இலங்கையின் தாவரத்தொகுதிகளையும் ஆராய்ந்தவர் இவர். எரிமலைக் குழம்பு ஆறிய நிலத்தில் ஒருங்கே முளைத்த மரங்கள் ஒருங்கே முதுமையடைந்து, மண்ணின் நீர்த்தேக்கம் முதலிய நெருக்கடி நேர்ந்தபொழுது ஒருங்கே சாகின்றன; இது தலைமுறை மாற்றமேயன்றித் தொற்றுநோயன்று என்பது அவர் கொள்கை.

இவ்விரண்டு கருத்துக்களுள் எது சரியானது என்பதை வாதத்தால் முடிவு செய்தல் இயலாது. 1976இல் அக்காடுகளில் நிலையான ஆய்வுத்துண்டுகள் வகுக்கப்பட்டு, பல பத்தாண்டு இடைவெளியில் மீண்டும் அளக்கப்பட்டன. பட்டமரங்கள் நின்ற இடங்கள் பலவற்றிலே ஓஹியாக் கன்றுகள் தாமே எழுந்து வளர்ந்தமை அவ்வளவைகளாற் புலனாயிற்று. அச்சம் தணிந்தது. ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் அதே மரம் மீண்டும் சாகத் தொடங்கிற்று. இம்முறை தனிமரங்களின் முடி முழுவதும் சில நாளிலோ கிழமையிலோ பழுப்பாகிச் செத்தது. 2014இல் அதன் காரணமான பங்கசு இனங்காணப்பட்டது. இது உண்மையான கொள்ளைநோய். ஒரே நாட்டில், ஒரே மரத்துக்கு, ஒரு தலைமுறைக்குள் இருவகைச் சாவு நேர்ந்தது. முந்தியதன் இயல்பு ஏட்டில் இருந்தமையாலேயே பிந்தியது வேறென்பதை எளிதில் உணர முடிந்தது. மருந்து வேண்டாத இடத்தில் மருந்தளிப்பதும், வேண்டிய இடத்தில் வாளாவிருப்பதும் ஆகிய இரு பிழைகளினின்றும் காப்பது இத்தகைய பதிவேயாகும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய யமேக்காவின் நீலமலைகளில் எட்மண்ட் ரானர் என்னும் ஆய்வாளர் 1974இல் நிலையான துண்டுகளை வகுத்து மரங்களுக்கு இலக்கமிட்டார். பதினான்கு ஆண்டு கழித்து, 1988 செத்தெம்பரில், கில்பேட்டு என்னும் சூறாவளி அத்தீவைத் தாக்கிற்று. புயலுக்கு முன்னைய கணக்கு கையில் இருந்தமையால், புயலால் உடனே செத்தவை எவை, காயமுற்றுப் பின்னர் மெல்லச் செத்தவை எவை, மீண்டும் துளிர்த்தவை எவை என்பனவெல்லாம் மரந்தோறும் அறியப்பட்டன. அன்றியும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள தாவரத் தோட்டமொன்றின் வாயிலாக வந்து சேர்ந்த அவுத்திரேலிய மரமொன்று, புயல் திறந்துவிட்ட இடைவெளிகளிற் புகுந்து சுதேச மரங்களை நெருக்கி வருவதும் தெரியவந்தது. ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட மஞ்சட்பூ முட்புதர் பரவியுள்ள ஹோட்டன் சமவெளிக்கும் இச்செய்தி பொருந்தும். அந்நியச் செடி புகுவது ஒரு நாளில்; அதன் வெற்றி தெரிவது ஒரு நூற்றாண்டில்.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அந்தீசு மலையின் கிழக்குச் சரிவிலே, 950 மீற்றர் முதல் 3,400 மீற்றர் வரையான பல்வேறு உயரங்களில் ஒவ்வொரு ஹெக்டேயராகப் பதினான்கு துண்டுகள் வகுக்கப்பட்டு அளக்கப்பட்டன. பீலி, சில்மன் முதலானோர் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள மரச்சாதிகள் சராசரியாக ஆண்டுக்கு 2.5 முதல் 3.5 மீற்றர் வரை மேல்நோக்கி இடம்பெயர்கின்றன. மரம் நடப்பதில்லை, கீழெல்லையில் முதுமரம் செத்து, மேலெல்லையில் புதுக்கன்று நிலைப்பதால் அச்சாதியின் இருப்பிடம் உயர்கின்றது. உலகம் வெப்பமாகி வருவதால், தமக்குரிய குளிர்ச்சியைத் தேடி அவை மேலேறுகின்றன. ஆயினும், வெப்பம் உயரும் வேகத்துக்கு ஈடாக அவற்றால் ஏற இயலவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபாகும்.

இச்செய்தி இலங்கைக்குக் கவலை தருவது. அந்தீசு மலை மிக உயர்ந்தது. மேலேற அங்கே இடமுண்டு. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். ஹோட்டன் சமவெளியை அடுத்துள்ள கிரிகல்பொத்தை ஏறத்தாழ 2,390 மீற்றர். நூறு மீற்றருக்கு 0.6 பாகை என்னும் கணக்கின்படி, வெப்பநிலை இரண்டு பாகை உயர்ந்தால், இன்று 2,100 மீற்றரில் நிற்கும் மரம் அதே குளிர்ச்சியைப் பெற ஏறத்தாழ 330 மீற்றர் மேலேறுதல் வேண்டும். அது 2,430 மீற்றராகும். கிரிகல்பொத்தையின் முடியும் அதற்குக் கீழேதான் உள்ளது. மலையுச்சி கடலாற் சூழப்படாத தீவு. அதன் கரையை மீறிச் செல்ல வழியில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் பல அத்தீவில் வாழ்கின்றன.

மலைக்காடுகள் சிறியன, மெலிந்தன. அவற்றாற் காபனைச் சேமிப்பதிற் பெரும்பயனில்லை என்ற எண்ணமும் முன்னர் நிலவியது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு அதனைத் திருத்திற்று. ஆபிரிக்காவின் பன்னிரண்டு நாடுகளில், 44 மலைப்பகுதிகளில், 72,000க்கு மேற்பட்ட மரங்களை அளந்து தொகுத்தபொழுது, அம்மலைக்காடுகள் ஹெக்டேயருக்குச் சராசரியாக ஏறத்தாழ 149 தொன் காபனை நிலத்துக்கு மேலே சேமித்துள்ளமை வெளிப்பட்டது. இது அக்கண்டத்துத் தாழ்நிலக் காடுகளின் சேமிப்போடு ஒப்பிடத் தக்கது. பல நாட்டவர் பல ஆண்டுகளாகத் தத்தம் மலைகளில் ஒரே முறையில் அளந்து வைத்த கணக்குகள் ஒருங்கு சேர்ந்தமையாலேயே இம்முடிவு கிட்டியது.

இவ்வகைப் பணி இந்நாட்டாருக்கு இயலாததன்று. தாழ்நில ஈரவலயத்தைச் சேர்ந்த சிங்கராசக் காட்டிலே 1990களின் தொடக்கத்தில் 25 ஹெக்டேயர் துண்டொன்று வகுக்கப்பட்டு, ஒரு சதமமீற்றர் விட்டமுள்ள சிறு தண்டு முதலாக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இலக்கமிட்டு அளக்கப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களாகிய நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அப்பணியை முன்னின்று நடத்தினர். உலகின் பல நாடுகளிலுமுள்ள அத்தகைய பெருந்துண்டுகளின் வரிசையில் அதுவும் ஒன்றாக விளங்குகின்றது. அங்கே பயின்ற முறையும் பழகிய கைகளும் மலையுச்சிக் காடுகளுக்கும் பயன்படத் தக்கனவே.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. ஆராய்ச்சிக்குரிய பொருளுதவி பெரும்பாலும் மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ வழங்கப்படுகின்றது. மரத்தின் ஆயுளோ நூறாண்டைக் கடக்கின்றது. பட்டம் பெறுவதற்காக அளந்த மாணவன் பட்டம் பெற்றபின் வேறிடம் செல்வான்; அவனுடைய குறிப்பேடு அலுமாரியில் உறங்கும்; தகடுகள் கழன்று விழும்; வண்ணக்கோடுகள் மறையும். அடுத்தவன் புதுத்துண்டு வகுத்து முதலிலிருந்து தொடங்குவான். இவ்வாறு பத்து முறை தொடங்கிய ஆய்வு ஒருமுறை தொடர்ந்த ஆய்வுக்கு ஈடாகாது. ஆகையால், துண்டின் எல்லை, அளக்கும் முறை, பெற்ற எண் ஆகிய மூன்றும் தனிமனிதனின் உடைமையாகாமல் நிறுவனத்தின் உடைமையாதலும், அவை பல பிரதிகளிற் காக்கப்படுதலும், ஐந்தாண்டுக்கொருமுறை அளப்பது கடமையென விதிக்கப்படுதலும் வேண்டும். காட்டை நாள்தோறும் காணும் மலைநாட்டு மக்களையும் காவலரையும் பயிற்றி இப்பணியில் ஈடுபடுத்தினால், பேராசிரியர் மாறினும் அளவை மாறாது தொடரும்.

கல்விக்கூடங்களுக்கும் இதிற் பங்குண்டு. மழைமானி ஒன்றை நிறுவி நாள்தோறும் ஒரே நேரத்தில் அளத்தல், வளவில் நிற்கும் வேம்பும் புன்னையும் எந்நாளில் துளிர்த்தன, எந்நாளிற் பூத்தன என எழுதிவைத்தல், பத்து மரங்களின் சுற்றளவை ஆண்டுக்கொருமுறை ஒரே கோட்டில் அளத்தல் என்பன எந்தப் பாடசாலைக்கும் எட்டுவன. ஓராண்டுக் கணக்கு விளையாட்டாகத் தோன்றும். முப்பதாண்டுக் கணக்கு அறிவுச்செல்வமாகும். இதனால் மாணவர் பெறும் பயன் எண்ணை விடப் பெரிது. தாம் காணாத விளைவுக்காகப் பிழையின்றி அளந்து வைக்கும் பழக்கமே விஞ்ஞானத்தின் ஒழுக்கமாகும்.

தொட்டுப்பொல மலையின் பட்டமரங்கள் ஏன் பட்டன என்பதற்கு முழுமையான விடை கூற முடியாமற் போனமைக்கு, அவை பசுமையாக நின்ற காலத்தில் எவரும் அவற்றுக்கு இலக்கமிடாமை காரணமாயிற்று. அக்குறையை இனி நிறைவாக்க இயலாது. ஆனால் அவற்றின் அருகே இன்னும் பசுமையாக நிற்கும் மரங்கள் பலவுள. அவற்றுக்கு இன்று இடப்படும் இலக்கமும், இன்று எடுக்கப்படும் அளவும், மூன்று ஆறுகளின் நீரை நம்பி வாழப்போகும் மக்கள் நாளை கேட்கும் வினாவுக்கு விடையாக அமையும். காடு நலமாயிருக்கும்பொழுதே அதன் நலத்தை எழுதிவைத்தல் இத்தலைமுறையின் கடன்.